மாடிப்படி ஏறி வந்த மெஸ்

கள்ளக்குறிச்சியில் நான் போகும் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு ஒரு செருப்புக் கடையின் மாடியில் நடக்கிறது. எனக்குப் பக்கத்து நாற்காலி செந்தமிழ்ச்செல்வி அக்காவுடையது. பகலில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், சொந்த ஊர் மலைமேல் இருக்கும் வெள்ளிமலை. அங்கே அவருடைய தம்பி வேடியப்பன் புதிதாக ஒரு மெஸ் திறந்திருந்தான். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. ஆனால் மெஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படவே இல்லை.

“இந்த சனிக்கெழமையும் ஆள் வரலேன்னா திருப்பூருக்கு பஸ் ஏறிடுவேன்னு சொல்லிக்கினு இருக்கான்,” என்றார் அக்கா.

தீனதயாளன் சார் அந்த வாரம் கூகுளின் புது வசதிகளைப் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தார். “சும்மா உதாரணம் எதுக்கு? உங்க தம்பி மெஸ்ஸையே மேப்புல ஏத்துவோம்,” என்றார். அக்காவின் போனிலிருந்த படங்களைப் போட்டோம். நாலு வார்த்தை கொடுத்ததும் ஏஐ ஒரு விளம்பரமே எழுதித் தந்தது: ‘மேகங்கள் தவழும் மலையில் மணக்கும் சாமை விருந்து.’

“மேகமா? அது எங்க வூட்டு அடுப்புப் பொகை,” என்று அக்கா சிரித்தார்.

சரிபார்க்கும் வேலை எனக்கு. பெயர், நேரம், போன் எண் எல்லாவற்றையும் பார்த்தேன். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் மறுபடியும் பார்த்தேன். இடம் கேட்டபோது ‘இப்போது இருக்கும் இடம்’ என்பதை அழுத்தினேன். வெள்ளிமலைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அது சரியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் ஒரு குடும்பம் ஏறி வந்தது.

“வெள்ளிமலை சாமை மெஸ் இதானுங்களே? வந்து சேந்துட்டீங்கன்னு போன் சொல்லுது. மலை எங்கங்க?” என்றார் குடும்பத் தலைவர்.

சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். சிவப்புக் குறி எங்கள் மாடி மேலேயே நின்றது.

கீழேயிருந்து செருப்புக் கடைக்காரர் கத்தினார்: “சார், மத்தியானத்துலேர்ந்து வர்றவன் போறவன்லாம் மெஸ்ஸு மெஸ்ஸுன்றான். இன்னா சார் நடத்துறீங்க மேல?”

மலைக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் இங்கே வந்திருக்கிறார்கள். அப்படியானால் மலையில்?

அதற்கும் பதில் படியேறி வந்தது. தோளில் பயணப் பை, கையில் மூடி போட்ட பெரிய குண்டானுடன் வேடியப்பன்.

“அக்கா, ஒருத்தரும் வரல. வடிச்சது அப்டியே இருக்குது. குழம்புத் தூக்கும் உள்ளதான் இருக்குது, நீங்களாச்சும் துன்னுங்க. எனக்கு திருப்பூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

மூடியைத் திறந்தான். வகுப்பு முழுக்க மணம்.

“ஏங்க, மெஸ்ஸே நடந்து வருது பாருங்க!” என்றார் வந்த அம்மா.

அக்கா ஓடிப்போய் வாழை இலை வாங்கி வந்தார். சார் கீபோர்டுகளை நகர்த்தி மேசையில் இடம் செய்தார். “மவுஸ் மேல குழம்பு ஊத்துனா அனிட்டாதான் தொடைக்கணும்,” என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

அந்தக் குடும்பத் தலைவர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு கேட்டார்: “நாளைக்கு நாங்க மலைக்குத்தான் போறோம். இன்னும் ரெண்டு வண்டி சொந்தக்காரங்க வர்றாங்க. மத்தியானம் அங்க கெடைக்குங்களா?”

வேடியப்பன் பையைப் பார்த்தான்.

“இன்னாடா முழிச்சிக்கினு நிக்கிற? சொல்லு,” என்றார் அக்கா.

“கெடைக்குங்க,” என்றான்.

இனி குறியை மாற்ற வேண்டும். விண்ணிலிருந்து எடுத்த படத்தில் எல்லாக் கூரையும் ஒன்றுபோல இருந்தது. வேடியப்பன் குழம்பு விரலைத் திரையில் வைத்தான். “இந்தா, நீலத் தார்ப்பாய். நம்ம மெஸ்ஸு கொட்டாய்.”

“நிச்சயமா இதானா?”

“என் கொட்டாய் எனக்குத் தெரியாதாம்மா?”

குறியை அங்கே நகர்த்தினேன். மாற்றம் எல்லாருக்கும் தெரியச் சற்று நேரமாகும் என்றார் சார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் குடும்பத்தாரின் போனுக்கே இடத்தைத் தனியாக அனுப்பி, அவர்களைத் திறந்து பார்க்கச் சொன்னேன். வெள்ளிமலைதான்.

“அக்கா, மலைக்குக் கடைசி பஸ் போய்டுச்சா?” என்றான் வேடியப்பன்.

“இப்ப ஓடுனா புடிக்கலாம். ஓடு!”

பையைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கியவன், பாதியிலேயே திரும்பி ஏறி வந்தான்.

“குண்டான்! நாளைக்கு எதுல வடிக்கிறது?”

குண்டான் சார் மடியில் இருந்தது. அடியில் ஒட்டியதை வழித்துக்கொண்டிருந்தார்.