காபன் விலையும் வெள்ளிக்கிழமை ராகுகாலமும்

"விலை ஏறட்டும் எண்டுதானே சொல்லுறன்..."

"விலை ஏறும், அதுக்குள்ள சாடிக் கண்டெல்லாம் செத்திடும்..."

"கண்டு எப்பவும் வாங்கலாம், யோகா. ஒருக்கா நட்டு அரசாங்கத்தில பதிஞ்சால் காணி இருபத்தைஞ்சு வருஷம் கட்டுப்பட்டிடும்."

சொன்னது என் மனுசன் கௌரிசங்கர், இடம் கோல்பர்ன் ஊர் தாண்டி நாங்கள் வாங்கின புல்லுக்காணியின் படலையடி, கார் டிக்கிக்குள் தட்டுத்தட்டாய் யூகலிப்டஸ் கன்றுகள், வேர் சாடிக்குள் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரிக்கத் தொடங்கிவிட்டது, இனியும் வைத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது... காற்றிலுள்ள காபனை மரம் இழுத்து வைத்தால் இந்த நாட்டில் தொன்னுக்கு இவ்வளவு என்று காசு, அந்த விலை இன்னும் ஏறுமாம், அதுதான் காத்திருக்கிறார், வீட்டு விலை இறங்கட்டும் என்றும் இப்படித்தான் காத்திருந்தார், இப்போது வீடுகளாய் நெருக்கிக் கிடக்கிற கெல்லிவில் வெறும் வயலாய்க் கிடந்த நாளிலிருந்து இன்றுவரை வாடகை வீடு, ஏறவும் காத்திருப்பு, இறங்கவும் காத்திருப்பு, இந்த மனுசன் எந்தப் பக்கம் போகிற பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்? மரமென்ன, நட்டவுடன் ஓடுகிற மீற்றரோ? முதல் வருஷங்களில் பச்சைப்பிள்ளை போலச் சொட்டுச் சொட்டாய்த்தான் குடிக்கும், பருவம் வந்து குமரானால்தான் மடமடவென்று இழுக்கும், விலை ஏறுகிற அன்றைக்குக் குமராய் நிற்க இன்றைக்கு மண்ணுக்குள் போக வேண்டாமா... சொன்னேன். அவரிடம் ஒரே பதில்தான், ஆடிப்பட்டம் தேடி நட்ட ஆளல்லோ நீர் என்று. போன ஆடியில் நட்டதெல்லாம் உறைபனியில் பொரித்த கறிவேப்பிலையாய்ப் போனது உண்மைதான், பூமியின் இந்தத் தென்பாதியில் ஆடி குளிர் கொட்டுகிற மாரிகாலம் என்று பஞ்சாங்கத்துக்கு யார் சொல்வது... ஆனால் இப்போது புரட்டாதி, வசந்தம், மண் இளகிக் கிடக்கிறது, பிறகென்ன? எண்பத்தொரு வயதில் இருபத்தைந்து வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கப் பயமோ, விலை ஏறும்வரை என்றால் அதுவரை இருக்கத்தானே வேண்டும், அப்படியொரு கணக்கோ இவருக்கு...

திடீரென்று மண்வெட்டியை என் கையில் தந்தார், சரி, நடும் என்றார். வாங்கினேன், நேரம் பார்த்தேன், பதினொன்றரை, வெள்ளிக்கிழமை, கால் தானாக நின்றுவிட்டது.

அவருக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும், படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ராகுகாலமோ? அப்ப நீரும் காத்திருக்கிற ஆள்தானே."

"என்ர ராகுகாலம் பன்ரண்டு மணிக்கு முடிஞ்சிடும். உங்கட எப்ப முடியும்?"