சிவப்பு வளையம், பச்சை வளையம்

ஆறு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சியில் என் வேலை மைனாவின் காலில் வளையம் மாட்டுவது. வனத்துறை அனுமதியோடு பிடித்து, அலகை அளந்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பிடித்ததற்குச் சிவப்பும் பக்கத்துக் கிராமமான அகரத்தில் பிடித்ததற்குப் பச்சையும் போடுவேன். நகரத்து மைனாவின் அலகு தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறதா என்பதுதான் கேள்வி. இடங்களைத் தேர்ந்தெடுத்தவர் வெளிநாட்டிலிருக்கும் தலைவர் ஹெல்கா, வரைபடத்தைப் பார்த்து. இங்கேயே கல்லூரியில் விலங்கியல் நடத்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடமாக அந்த எரிச்சல் எனக்கு உண்டு.

போன ஆடியில் ஒருநாள், அகரத்திலிருந்து சம்பங்கி கொண்டுவரும் கண்ணம்மாள் மார்க்கெட்டில் கூடையை இறக்கிவிட்டு, நான் வளையம் மாட்டுவதை எட்டிப் பார்த்தார்.

"லிடியா டீச்சர், இந்தச் செவப்பு வளையம் போட்டதெல்லாம் பொழுது சாய எங்க தென்னந்தோப்புலதான் வந்து அடையுது."

"அப்ப பச்சை வளையம்?"

"அதுவும் அங்கதான். விடிஞ்சதும் எல்லாம் ஒண்ணா இங்க வந்துருதுக."

நகரம், கிராமம் என்று நாங்கள் பிரித்து அளந்தது ஒரே கூட்டத்தை.

"ரெண்டு வருசமா ஏன்க்கா சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

முகம் சுண்டிப்போனது. தினமும் பார்க்கிறவரிடம் நானும்தான் கேட்கவில்லை.

ஒருவர் சொன்னதை வைத்து இடத்தை மாற்ற முடியாது என்றார் ஹெல்கா. நான் விடுவதாக இல்லை. ஆறு வாரம் வளையம் போட்ட மைனாக்களைச் சாயங்காலம் தோப்பில் கண்ணம்மாள் எண்ணினார், காலையில் மார்க்கெட்டில் நான் எண்ணினேன். ஒருநாள் தோப்பில் நான் நாற்பது என்றேன், அவர் ஐம்பத்திரண்டு என்றார். போட்டோவில் ஐம்பத்திரண்டுதான் இருந்தது.

இரண்டு இடத்துக் கணக்கும் ஒத்துப்போனதை எழுதி அனுப்பினேன்; இம்முறை ஹெல்கா மறுக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக என்னைச் சேர்ப்பதாகவும், கண்ணம்மாளுக்கு நன்றிப் பட்டியலில் இடம் தருவதாகவும் எழுதினார். அந்தக் கட்டுரை வந்தால் என் பதவி உயர்வு நிச்சயம். இரண்டு நாள் ஆசையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பதில் போட்டேன். "தவறைக் கண்டுபிடித்தவர் அவர். அவர் பெயர் என் பெயருக்கு முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் என் பெயரும் வேண்டாம்."

பத்து நாள் கழித்துத்தான் பதில் வந்தது. வீடியோவில் வந்த ஹெல்கா, கண்ணம்மாளிடமே பேச வேண்டும் என்றார். போனை நீட்டினேன்.

"உங்கள் பெயரை லிடியாவுக்கு முன்னால் போட்டுவிட்டோம். கிராமத்து மைனாவுக்குப் புது இடம் எங்கே பார்க்கலாம்?"

தமிழில் சொன்னேன். கண்ணம்மாள் என்னிடம் திரும்பினார்.

"ரெட்டியார்சத்திரம் பக்கம் பாக்கலாம். ஆனா நான் அகரத்துக்காரி. அங்க தோப்பு வச்சிருக்கவுகளக் கேட்டுட்டு முடிவு பண்ணச் சொல்லுங்க."