ஒரே மரத்தில் இரண்டு புல்லுருவி

சவப்பெட்டியை யாரோ தட்டினார்கள். காப்பிக் குவளைகளோடு கூடத்துக்குள் வந்துகொண்டிருந்த எதெல்மிரா அப்படியே நின்றுவிட்டாள்.

டக்.

மெல்லிய சத்தம்தான். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பெர்பெத்துவா பாதி மந்திரத்தில் வாயை மூடிக்கொண்டாள். தரையில் சுண்ணாம்புச் சிலுவை, அதன்மேல் பெட்டி, நாலு மூலையிலும் மெழுகுவர்த்தி, தலைக்குமேல் பைன் கிளைகளால் கட்டிய வளைவு. ஆணி அடித்தாயிற்று. கல்லறைக்குத் தூக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முந்தாநாள் காலை பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்த அப்பா நிக்கானோர் நிமிரவே இல்லை. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டும் போயிருந்தார்.

டக். டக்.

"அவருதான்," என்று தொமாசா எழுந்தாள். "என்னைத்தான் கூப்பிடுறாரு."

அதைக் கேட்டதும் எதெல்மிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா உயிரோடிருந்தால் மகளைக் கூப்பிடுவாரா, இவளைக் கூப்பிடுவாரா?

அம்மா செத்த மறுவருடம் அப்பா கூட்டிவந்தவள் தொமாசா. கல்யாணத்தைக் கோயிலிலும் பதியவில்லை, ஆபீசிலும் பதியவில்லை. பதினோரு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. "உப்பு தீந்துபோச்சுன்னு அவகிட்ட சொல்லுங்கப்பா" என்பாள் இவள். "வாங்கி வெச்சு ரெண்டு நாளாச்சுன்னு உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்பாள் அவள். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே இந்தக் கூத்து நடக்கும். நடுவில் அப்பாதான் தபால்காரர்.

"புல்லுருவிப்பா அவ. உங்களை உறிஞ்சிட்டுத்தான் போவா" என்பாள் எதெல்மிரா.

அப்பா சிரிப்பார். காட்டுப் பைன்களில் புல்லுருவி வெட்டுவதுதான் அவருக்கு வேலை. "மேட்டுல ஒரு மரம் இருக்கும்மா. உச்சியில கறுப்பு, அடியில மஞ்சள், ரெண்டு சாதிப் புல்லுருவியும் அதுல இருக்கு. இடத்தைப் பிரிச்சுக்கிட்டுக் குடித்தனம் நடத்துது. உங்க ரெண்டு பேருக்கும் அந்த அறிவாவது இருக்கா?"

ஒரே மரத்தில் இரண்டும் ஏறினால் மரத்தையே சாய்க்க வேண்டும் என்பது விதி. அந்த மரத்துக்கு மட்டும் அப்பா, சாய்க்க வேண்டியது என்று காட்டும் சிவப்பு வளையத்தைப் பூசவேயில்லை.

எதெல்மிரா நேற்றே முடிவு கட்டியிருந்தாள். வீடு அவள் பேரில்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து தரையிலிருக்கும் சுண்ணாம்புச் சிலுவையை அள்ளியதும் தொமாசா வெளியேற வேண்டும். ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது என்பதுதான் புரியவில்லை.

டக். இந்த முறை வேகமாக.

"ஆணியைப் பிடுங்குங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே மூச்சில் கத்தினார்கள்.

அப்பாவோடு காட்டு வேலை செய்த எவாரிஸ்தோ சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து, எதற்கு வந்தோம் என்று மறந்தவர்போல நின்றார். எதெல்மிரா மூடியில் காதை வைத்தாள். இரண்டு நாளான பிணம் தட்டாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் "அப்பா, இருங்கப்பா, திறந்துடறோம்" என்றாள். எதிர்ப்பக்கம் தொமாசாவின் காதும் மூடியில்தான் இருந்தது. இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

சுளீரென்று எதெல்மிராவின் கன்னத்தில் ஏதோ பட்டது. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. அரிசி மணியளவு விதை. தொமாசாவின் நெற்றியிலும் ஒன்று ஒட்டியிருந்தது.

எவாரிஸ்தோ வளைவை நிமிர்ந்து பார்த்தார். "ஐயையோ. நான் பாவி."

"என்ன மாமா?"

"புல்லுருவிக் காய்ம்மா. முத்திட்டா வெடிச்சு விதையைத் தூரமா அடிக்கும். மலைக் குளிர்ல சும்மாதான் இருந்துச்சு. இங்க மெழுகுவர்த்திச் சூடு பட்டு..." சுத்தியலைக் கீழே வைத்தார். "மேட்டு மரம் அவருக்குப் பிடிச்ச மரமாச்சேன்னு அதுல இருந்த கொத்தையும் சேர்த்து வளைவுல கட்டினேன். மரியாதைன்னு நினைச்சேன்மா."

"அப்ப அப்பா தட்டலையா?"

"இல்லம்மா."

ஆணி அடித்தபோதுகூட அழாத எதெல்மிரா இப்போது அழுதாள். அப்பா மறுபடியும் செத்துப்போனார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த மரம்?" என்று கேட்டாள்.

"நேத்து சாச்சுட்டோம். அவருக்காகத்தான் இத்தனை வருஷம் விட்டு வெச்சிருந்தோம்."

"அதுல இருந்த ரெண்டும்?"

"மரமே போனப்புறம் அதுங்க எங்க இருக்கும்? கொஞ்ச நாளைக்குப் பச்சையா தெரியும். அவ்வளவுதான்."

தொமாசா நெற்றியிலிருந்த விதையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது மழை தூறியது. எதெல்மிரா வீட்டுக்குள் வந்தாள். தொமாசா தன் துணிகளைச் சால்வையில் மூட்டை கட்டி முடித்திருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போல மேசையின் நடுவிலிருந்த அப்பாவின் நாற்காலியைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"நான் கிளம்பறேன்னு அவகிட்ட..."

நாற்காலியில் யாரும் இல்லை. வாக்கியம் அதோடு நின்றுபோயிற்று. எதெல்மிராவும் பதிலுக்கு அந்த நாற்காலியைத்தான் பார்த்தாள். நினைத்தபடியே எல்லாம் நடக்கிறது.

சாயங்காலம் ஜெபமாலைக்கு ஊரே வரும். ஒன்பது நாளும் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். எதெல்மிரா சோளச் சாக்கை இழுத்து வைத்தாள். படியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"சோளம் எவ்வளவு ஊறப்போடணும்?"

தொமாசா சாக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"எட்டுப் படி போடு."

எதெல்மிரா அளக்கத் தொடங்கினாள். மூன்றாவது படியிலேயே கணக்கு தவறிவிட்டது. திரும்பக் கொட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். தொமாசா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.