காது அடைக்கிறதா?

"நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க!"

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிக்கொண்டே கத்தினாள் டெசிபல். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த அந்தச் சலவைக்கூடத்தில் அவள் கத்தல் யார் காதிலும் விழவில்லை. விழாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அங்கே எவ்வளவு சத்தம் என்று அளப்பதுதானே அவள் பிழைப்பு! பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறையில் ஒலி ஆய்வாளர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் துறையில் பாதிப் பேர் விழிப்பார்கள். டெசிபல் என்றால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார்.

கத்துவதை விட்டுவிட்டு, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

முதலில் யானை முனகியது. நிஜ யானை இல்லை. புதிதாக வந்திறங்கிய ராட்சத வாஷிங் மெஷின். மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகளை வாங்கிப் போட்டுக்கொண்டு, தண்ணீரை உறிஞ்சி, உடம்பை ஆட்டி ஆட்டித் துவைக்கும். வந்த அன்றே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது அடங்கியதும் உலர்த்திகள் நின்றன. இஸ்திரி உருளைகள் நின்றன. கடைசியாக, எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது.

"என்னம்மா இது அக்கிரமம்?" சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி போகணும். அங்கே வயித்தைக் கிழிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க!"

"மேலிடத்துல இப்பதான் போன்ல அனுமதி கொடுத்தாங்க சார். அரை மணி நேரம்."

"எனக்குச் சொல்லலையே?"

"அதுக்குத்தான் நான் ஓடி வர்றேன்."

யானையின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஓடி வந்தவளுக்கு முதல்ல யாராவது தண்ணி கொடுங்கப்பா. வீட்டுல தட்டைக் கழுவ எழுந்திரிக்க மாட்டா. இங்கே என்னா ஓட்டம்!"

டெசிபலின் அண்ணி. யானையை ஓட்டுகிறவள் அவள்தான்.

"அண்ணி, ப்ளீஸ். இங்கே நான் ஆபீசர்."

"சரிங்க ஆபீசரம்மா."

மடிப்பு மேசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். டெசிபல் சிரிக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அவள் அறிக்கை ஆஸ்பத்திரி நிர்வாகக் கமிட்டிக்குப் போயாக வேண்டும். கையிலிருந்த அறிக்கை சொன்னது இதுதான்: யானை இந்தத் தொழிலாளர்களின் காதைக் கெடுக்கிறது. அந்த அறிக்கை போய்ச் சேர்ந்தால், கமிட்டி இந்தக் கூடத்தை இழுத்து மூடிவிட்டுத் துணிகளை வெளியே சலவைக்கு அனுப்பிவிடும். அண்ணிக்கும் அவளோடு நிற்கும் அத்தனை பேருக்கும் வேலை போகும்.

அண்ணிக்காக அறிக்கையை மாற்றி எழுதும் ரகம் இல்லை டெசிபல். அறிக்கையில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. அதுதான் சிக்கல்.

விஷயம் இப்படி. சத்தம் மனிதனை என்ன செய்கிறது என்று பார்க்க மூன்று துறைகள் சேர்ந்து ஓர் ஆய்வு. சத்தத்தை அளக்க டெசிபல். உடம்பைப் பார்க்க ஒரு டாக்டர். வேலை பார்ப்பவர்களின் அனுபவத்தைக் கேட்டு எழுத ஒரு சமூகவியல்காரர். இந்த மூன்றாமவர் யாரைக் கண்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்பார். அதனால் அவருக்குக் கதைக்காரர் என்று பெயர்.

முதல் சுற்றில் தொழிலாளர்கள் எல்லாரிடமும் டேப்லெட்டில் கேட்டார்கள்: காது அடைக்கிறதா? ஆமாம், இல்லை என்று தொட்டால் போதும். எல்லாரும் 'இல்லை'. பிறகு யானை வந்தது. இரண்டாம் சுற்றில் காலை ஷிப்ட் ஏறக்குறைய முழுக்க 'ஆமாம்'. நடுவில் ஒரு நாள் யானை ரிப்பேர் ஆகிப் படுத்தது. அன்றைக்குக் கேட்டால் எல்லாரும் 'இல்லை'.

குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் மூன்று விஷயம் டெசிபலை அரித்தது. யானையின் சத்தம் அனுமதித்த எல்லைக்குள்தான் இருந்தது. டாக்டர் காதுக்குள் எட்டிப் பார்த்து, எல்லாச் சோதனையும் செய்து, "தங்கமான காதுங்க" என்றுவிட்டார். அதைவிட, மதிய ஷிப்டுக்கு ஒன்றுமே இல்லை. அதே யானை, அதே சத்தம், அவர்களுக்கு மட்டும் காது அடைக்கவில்லை. அதெப்படி?

அண்ணியிடமே கேட்டிருக்கலாமே என்றால், முடியாது. ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததுமே கமிட்டி வாய்ப்பூட்டு போட்டிருந்தது. வீட்டில் இந்த ஆய்வைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இருவரும் அதைக் காப்பாற்றினார்கள். காலையில் அண்ணி எதையும் தொடாமல் டிபன் பாக்ஸை மட்டும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது, "என்ன அண்ணி, டயட்டா?" என்று டெசிபல் கிண்டல் செய்வாள். "ஆமாடி, உங்கண்ணன் அழகுக்கு நானும் ஈடு கொடுக்கணும்ல" என்று அண்ணி செருப்பை மாட்டுவாள். அத்தோடு சரி.

இப்போது கூடம் அமைதியாக இருந்தது. உத்தரத்திலிருந்து தொங்கிய மைக்குகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவை அவளுடைய செல்லங்கள். ஷிப்ட் தொடங்கும் ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை வெளியாள் ஒருவரும் இந்தக் கூடத்துக்குள் நுழையக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கதவு திறந்தால் அளவு கெடும். அந்தச் சட்டத்துக்காக எமனோடும் சண்டை போடுவாள். இன்று அவளே அதை மீறி உள்ளே வந்திருந்தாள்.

அளவுமானியில் முள் அடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தாள். சூப்பர்வைசர் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறி முறைத்தார்.

"இப்ப சொல்லுங்க. காது அடைக்குதா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடைக்குது" என்றாள் மடிப்பு மேசைக்காரி.

"எனக்கும்."

"இப்பதாங்க ரொம்ப அடைக்குது" என்றார் உலர்த்தியருகே நின்ற பெரியவர்.

டெசிபல் யானையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மெஷின்கூட ஓடவில்லை. பிறகு எது இவர்கள் காதை அடைக்கிறது? காற்றா? சலவைப் பவுடரின் நெடியா? மனிதக் காதுக்குக் கேட்காத ஏதோ ஓர் அதிர்வு இந்தச் சுவர்களுக்குள் ஓடுகிறதா?

சட்டென்று மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தாள்.

"அய்யய்யோ" என்றாள் அண்ணி. "தரையில ப்ளீச் இருக்குடி! எழுந்திரி!"

"உஷ்!"

ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தபோது கன்னத்தில் சோப்பு நுரை. குளிரூட்டும் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். காற்றழுத்தம் காட்டும் கருவியைப் பார்த்தாள். எல்லாம் வழக்கம்போல. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

"கதைக்காரரே!" என்று மூலையைப் பார்த்துக் கத்தினாள். அவர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அழுக்குத் துணி மூட்டை ஒன்றின்மேல் சோபாவில் உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருந்தார். "நீங்க ஒரு கேள்வியாவது கேளுங்களேன்! சும்மா உட்கார்ந்திருக்கீங்க."

"நீ நிறுத்தினா கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் அவர். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கும் அடைக்குதா?"

"கும்முனு அடைக்குதுங்க."

"சரி. அடைச்சா என்ன பண்ணுவீங்க?"

அண்ணி அவரை விசித்திரமாகப் பார்த்தாள். இவ்வளவு படித்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது என்கிற பார்வை.

"என்ன பண்றது? சாப்பிடுவோம்."

குழாய் சொட்டுவது மறுபடியும் கேட்டது.

டெசிபல் கன்னத்து நுரையைத் துடைத்தாள். "பசியா?"

"பின்ன? பசியிலதானே காது அடைக்கும்! நீ கேட்டே, நாங்க ஆமான்னோம். எங்க பசியைக்கூட விசாரிக்கிறாங்களேன்னு நானே பெருமையா நினைச்சேன்."

மடிப்பு மேசைக்காரி ஒத்து ஊதினாள். "அடுத்த வாரம் டிபன் ஏற்பாடு பண்ணுவாங்கன்னுகூடப் பேசிக்கிட்டோமே!"

மாதக்கணக்கில் காதைப் பற்றியே படித்து, காதைப் பற்றியே எழுதி, காதைப் பற்றியே கனவு கண்டவளுக்கு அந்தச் சொல்லில் வயிறு இருப்பது மறந்தே போயிருந்தது. பசி காதை அடைக்குது என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு அவளே எத்தனை தடவை கத்தியிருப்பாள்!

ஆனால் ஆச்சரியம் அடங்குவதற்குள் அடுத்த கேள்வி முளைத்தது. "இருங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல எதுக்குப் பசி? காலையில யாருமே சாப்பிடறதில்லையா?"

"எப்படிச் சாப்பிடறது?" என்றாள் அண்ணி. "பதினோரு மணிக்கு டாக்டர் ஆள் வந்து விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்குமில்ல? வெறும் வயித்துலதான் வரணும்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க. ராத்திரி சாப்பிட்டதுதான். ஆறு மணியிலேருந்து நின்னா, பத்து மணிக்கெல்லாம் கண்ணு இருட்டும்."

"அப்ப உங்க டயட்டு?"

"டயட்டாவது மண்ணாவது! வீட்டுல பேசக் கூடாதுன்னாங்க. வேற என்ன சொல்லச் சொல்றே?"

டெசிபலின் மூளையில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மதிய ஷிப்டுக்கு ரத்தம் எடுப்பதில்லை. அதனால் அவர்களுக்கு அடைக்கவில்லை. "யானை ரிப்பேரான அன்னிக்கு? அன்னிக்கு யாருக்கும் அடைக்கலையே?"

"அன்னிக்கு அந்த ரத்தம் எடுக்கிற பொண்ணு லீவு. முந்தின நாளே சொல்லிட்டாங்க. எல்லாரும் நல்லாச் சாப்பிட்டுட்டு வந்தோம்."

கதைக்காரர் மூட்டையிலிருந்து எழுந்தார். "யானை வந்த வாரம்தான் ரத்தப் பரிசோதனையும் ஆரம்பிச்சது, இல்லையா? பாவம், அது மேல பழி."

"டிபன் பாக்ஸை எடுங்க எல்லாரும்" என்றாள் டெசிபல்.

"இன்னும் ரத்தம் எடுக்கலையே?"

"நான் பாத்துக்கறேன். சாப்பிடுங்க!"

மடிப்பு மேசை பந்தி ஆனது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரும் ஒரு மூடியைத் திறந்தார். கடைசி ஆள் கை கழுவியதும் டெசிபல் சூப்பர்வைசருக்குச் சைகை காட்டினாள். யானை உறுமியது. உலர்த்திகள், உருளைகள், எல்லாம் முழு வேகத்தில். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போய் நின்று காதைக் காட்டி, கையை ஆட்டிக் கேட்டாள்.

இல்லை. இல்லை. இல்லை. அண்ணி ஏப்பம் விட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். இல்லை.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் நுழைந்தார். பின்னாலேயே ஊசிப் பெட்டியோடு ஒரு பெண். டாக்டரின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவரைப் பக்கத்திலிருந்த கண்ணாடி அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள் டெசிபல். அண்ணி, கதைக்காரர், சூப்பர்வைசர் மூவரும் அழைக்காமலே உள்ளே நுழைந்துகொண்டார்கள்.

"யாரு இவங்களைச் சாப்பிட விட்டது? என் பரிசோதனையே போச்சு!"

"நான்தான். நீங்க இவங்களைப் பட்டினி போட்டிருக்கீங்க டாக்டர்!"

சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் வெளுத்தது. "அதான் சர்க்கரை அளவு இப்படி இறங்கியிருந்ததா? சத்தத்துல சர்க்கரை குறையுதுன்னு ஒரு பெரிய கட்டுரையே எழுத ஆரம்பிச்சுட்டேனே!"

"தலைப்பு மட்டும் வெச்சுக்குங்க" என்றார் கதைக்காரர். "யானைக்குப் பயந்து சர்க்கரை ஓடியதுன்னு."

"விளையாடாதீங்க. நான் பட்டினி போடச் சொல்லலை. ஆறு மணிக்கு வரும்போது வாசல்லயே ஒரு சொட்டு எடுத்துட்டு, கேன்டீன்ல சாப்பிட்டுட்டு உள்ளே போகட்டும். அதான் என் திட்டம். அப்புறம் நேரத்தைப் பதினொண்ணுக்குத் தள்ளச் சொன்னாங்க. தள்ளினேன். வெறும் வயிறுன்னு முதல்லயே சொல்லிவெச்சதை மாத்தணும்னு எனக்குத் தோணலை. அது என் தப்பு."

சூப்பர்வைசர் கண்ணாடிக்கு வெளியே யானையைப் பார்த்தார். "அதெல்லாம் சரிங்க. எங்க கூடம் தப்பிச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க. கமிட்டிக்காரங்களை எனக்குத் தெரியும். யானை காரணமில்லைன்னு எழுதினா, வேற எது காரணம்னு கேப்பாங்க. பதில் இல்லைன்னா சந்தேகம்னு சொல்லி மூடிடுவாங்க."

"பதில் இருக்கு சார். முழுசா எழுதறேன்." டெசிபலுக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பெரியவர் 'ரொம்ப அடைக்குது' என்ற குரல் இன்னும் காதிலேயே நின்றது. "நேரத்தைத் தள்ளச் சொன்ன அந்த மகாபுத்திசாலி யாருன்னு பேரோட எழுதறேன். என்ன டெஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இது நடந்திருக்குமா? எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி."

"பேரோடவா?" என்றார் டாக்டர்.

"பேரோட. அண்ணி, நீங்க சாட்சி."

"சாட்சிடி" என்றாள் அண்ணி.

டெசிபல் மடிக்கணினியைத் திறந்தாள். யானையைக் குற்றம் சாட்டிய பக்கத்தை மொத்தமாக அழித்தாள். காரணம் என்று தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "சொல்லுங்க டாக்டர். யாரு?"

டாக்டர் கையை உயர்த்தினார். கண்ணாடிக்கு அப்பால் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய மைக்குகளைக் காட்டினார்.

"பதினோரு மணிக்கு முன்னால வெளியாள் யாராவது உள்ளே வந்தா அதுங்க அளவு கெட்டுப் போகும்னு மீட்டிங்ல மேசையைத் தட்டினீங்களே டெசிபல், ஞாபகம் இருக்கா? வாசல்லகூட எடுக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான்."