மழைக்கு மறுநாள்

...சோப்பு என்று சொல்லிவிட வேண்டியதுதான், டாக்டர் எதைக் கேட்டாலும் சோப்பு, யார் பழி போட்டாலும் எதிர்த்துப் பேசாத பொருள் அது ஒன்றுதான், என்று பள்ளிபாளையம் தோல் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கையைச் சொறிந்தபடி மருதாசலம் முடிவு செய்தான், டோக்கன் பதினாலு, உள்ளே பதினொன்று, பக்கத்தில் ஒன்பதாவது படிக்கிற மகள் கிருத்திகா, கழுத்தெல்லாம் செக்கச்செவேலென்று தடிப்பு, சொறியாத சாமி என்று வாயெடுத்தான், தன் கையே நிற்கவில்லை, எந்த முகத்தோடு சொல்வது... தனக்கு அரித்தால் நியாயம் உண்டு, பதினாறு வருஷமாகச் சாயப்பட்டறை வேலை, சாயம் கலக்குவது, மழை வலுத்தால் பின்பக்க வால்வைத் திறந்து தொட்டிக் கழிவை யாருக்கும் தெரியாமல் மழைத் தண்ணீரோடு ஓடையில் விடுவது, இவள் என்ன செய்தாள், குளித்தாள், அவ்வளவுதானே...

வீட்டு போர் தண்ணீர் ரோஸாக வந்தால் பட்டறையில் நைட்டி ஆர்டர், பச்சையாக வந்தால் லுங்கி ஆர்டர், மனைவி வசந்தாமணி வாளியைப் பார்த்தே சொல்லிவிடுவாள், வெள்ளைத் துணி வாங்குவதை நிறுத்தி நாலு வருஷமாகிறது, எதிர்வீட்டுக் குப்பாயியின் ஆடு ஓடையில் குடித்துவிட்டு ஊதா மூஞ்சியோடு வந்தபோது தெருவே சிரித்தது, அவனும் சிரித்தான், அது போட்ட இரண்டு குட்டியும் தங்கவில்லை, அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை... ஆட்டுக்கு ஆயிரம் நோவு வரும், எல்லாம் சாயமா? குடிக்கத்தான் கேன் தண்ணீர் வாங்குகிறோமே, தோல் என்ன தண்ணீர் குடிக்குமா, தோலுக்கு ஏது வாய்... இருந்தாலும் இருக்குமோ?

கதவைத் தள்ளிக்கொண்டு மூக்குவரை மாஸ்க்கோடு ஒருவர் வந்தார், மாஸ்க் போட்டால் தொந்தி மறையுமா, பட்டறை முதலாளி செங்கோட்டையன், மருதாசலம் தன்னையறியாமல் எழுந்துவிட்டான்.

“ஏம்பா, நீ எங்க இங்க?”

“புள்ளைக்கு அரிப்புங்க. உங்களுக்குங்க?”

“எனக்கு என்ன அரிப்பு? சும்மா வந்தேன்” என்றவர் கதவு நிலையில் முதுகை வைத்து மேலும் கீழுமாக இழைத்தார். “புது சோப்பு ஒண்ணு, சேரல.”

போச்சு, சோப்பையும் முதலாளி எடுத்துக்கொண்டார், ஒரே டாக்டரிடம் இரண்டு பேர் ஒரே பொய்யை எப்படிச் சொல்வது... ஆனால் இவர் வீடு ஓடைக்கு மேற்கே, மேட்டில் அல்லவா இருக்கிறது, அங்கே எப்படி, பூமிக்கு அடியிலும் மேடு பள்ளம் உண்டா, இல்லை தண்ணீருக்கு முதலாளி, ஆள் என்ற வித்தியாசம் தெரியாதா...

முதலாளி குனிந்து மெல்லச் சொன்னார். “மழ வராப்பல இருக்குது. பொழுதோட பட்டறைக்கு வந்துரு.”

“சரிங்க.” பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. கிருத்திகா செல்போனிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

பதினாலு என்று கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கழுத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். “எப்ப இருந்து?”

“புது சோப்புங்க” என்றான் மருதாசலம்.

“இல்லைங்க மேடம்” என்றாள் கிருத்திகா. “மழ பேஞ்ச மறுநா தாங்க வருது. ஆவணில இருந்து தேதி எழுதி வெச்சிருக்கறேன்.”

டாக்டரம்மா செல்போனை வாங்கிப் பார்த்தார். “மழைக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

கிருத்திகா அப்பாவின் கையைப் பார்த்தாள், நகக்கண்ணில் ஊதா ஏறிய கை, அவன் அதை மடியில் ஒளிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“தெரியலைங்க” என்றாள்.

களிம்பு எழுதிக் கொடுத்தார்கள், வெளியே வந்தார்கள், செருப்பைத் தேடினார்கள், அவள் முன்னால் நடந்தாள்... தெரியலைங்க என்றபோது காது மடலைத் தொட்டாளே, பொய் சொன்னால் வசந்தாமணியும் அப்படித்தான் தொடுவாள்... எத்தனை மழையாகத் தெரியும் இவளுக்கு?