விரல்கடை அளவு திரவமும் என் மானமும்

"புரோப் போயிடுச்சு மேடம், கோடெல்லாம் மேடு மேடா வருது, சொன்னா நம்புங்க!"

"நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தது?"

"நேத்து மாமாதான் கழட்டி வேற மாட்டினாரு. அதுல எங்கயோ இடிச்சிருப்பாரு."

டீயோடு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாமா நான்தான். பேசியது என் மனைவியின் தம்பி, எங்கள் லேபில் கெமிஸ்ட். மேடம் எங்கள் மேனேஜர்.

ஒரு பொருளின் மூலக்கூறு அமைப்பைத் திரையில் கோடுகளாகக் காட்டும் என்எம்ஆர் மெஷினை ஓட்டுவது என் வேலை. ஆள் உயரக் காந்தம். அதன் அடியில் முட்டி போட்டு மேலே செருகும் உலோக உருளைதான் புரோப். உள்ளே காயில் என்கிற ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கும். சாம்பிள் சொல்வதைக் கேட்கும் காது அதுதான். அதை மாற்ற மேடம் என்னை மட்டுமே நம்பியிருந்தார்.

"இடிக்கலன்னு அடிச்சு சொல்வீங்களா?" என்று மேடம் என்னிடம் கேட்டார்.

"நேத்து சோதிக்கல மேடம்" என்றேன். மாட்டியதும், என்ன கோடு வரும் என்று முன்பே தெரிந்த ஸ்டாண்டர்ட் டியூபைப் போட்டுச் சோதித்திருக்க வேண்டும். மகளின் பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்று ஓடிவிட்டேன்.

"அப்ப ரிப்பேருக்கு அனுப்பிடலாம். ரெண்டு மாசம் மெஷின் தூங்கும். இனிமே புரோப் மாத்த கம்பெனி ஆளே வரட்டும்."

இருபது வருட நம்பிக்கை. டீயை மேசையில் வைத்தேன்.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்."

நேற்று விட்ட வேலையை இப்போது செய்தேன். ஸ்டாண்டர்ட் டியூபை இறக்கினேன். திரையில் கோடுகள் ஊசி ஊசியாக எழுந்தன. புரோப் கல்லு மாதிரி இருந்தது.

"மச்சான், உன் டியூபைக் கொண்டா."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு விரல்கடை அளவுதான் திரவம்.

"என்னடா இது, சொட்டு மருந்தா?"

"இருந்ததே ரெண்டு மில்லிகிராம் மாமா. கொஞ்சம் திரவத்துல கரைச்சா கெட்டியா இருக்கும், சிக்னல் நல்லா வரும்னு..."

"காயிலுக்கு மேலயும் கீழயும் திரவம் நிக்கணும்டா. இப்படி ஒட்டிக்கிட்டு இருந்தா காந்தப்புலம் சீராகாது, கோடெல்லாம் மேடு மேடாத்தான் வரும்."

கரைக்கும் திரவமான சால்வென்ட்டை நாலு விரல் உயரத்துக்கு ஊற்றினோம். சாம்பிள் நீர்த்துவிட்டதால் கூடுதல் நேரம் ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் அவன் தேடிய கோடுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின.

"மாமா, அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

"முதல்ல என்கிட்ட மன்னிப்பு கேளு, அப்புறம் அக்காவைப் பாக்கலாம்."

மேடம் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களும்தான் என்கிட்ட கேக்கணும். சோதிக்காம கிளம்பிப் போற வேலை இனிமே வேண்டாம். அடுத்த தடவையும் நீங்கதான் மாத்தறீங்க."

டியூப் வைக்கும் ஸ்டாண்டில் அளவுக்கோடு ஒட்டலாம் என்றேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறான் மச்சான். இந்த வேலையில் இருப்பவர்களே, சாம்பிள் கொஞ்சமாக வந்தால் உங்கள் லேபில் என்ன செய்கிறீர்கள்? திரவத்தின் உயரத்தை எல்லோரையும் எப்படிப் பார்க்க வைக்கிறீர்கள்? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.