நெல்ஃப்ரியின் கண்

கையில் பேட் இல்லாமல் நின்றால் நெல்ஃப்ரிக்கு எல்லாம் தெரிந்தது.

"தப்பு," என்றான். பந்து முழங்காலுக்குக் கீழே போய்ப் பின்னால் கட்டியிருந்த வலையில் விழுந்தது. "தப்பு." அடுத்தது தோளுக்கு மேலே போயிற்று. "நல்லது." அது நெஞ்சுக்கு நேராக நடுவில் வந்தது.

கோச் ரதமேஸ் எறிவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "ஒண்ணுகூட மாத்திச் சொல்லலியேடா. சரி, இப்ப பேட்டை எடு."

நெல்ஃப்ரி பேட்டை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான். பந்து வந்தது. மண்ணில் குத்தி எகிறப் போகிற பந்து, பால் குடிக்கிற பிள்ளைகூட வேண்டாமென்று விட்டுவிடும். இவன் உடம்பையே முறுக்கி ஒரு வீசு வீசினான். காற்றுதான் அகப்பட்டது.

"எதுக்குடா வீசினே?"

"தெரியல கோச்."

"பந்தைப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன். தப்புன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

"கை போயிடுச்சு கோச்."

ரதமேஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இவன் ஒருவன் என்றால் பரவாயில்லை, மொத்த அணியும் இப்படித்தான். பேஸ்பாலில் நாலு தப்புப் பந்தை ஆடாமல் விட்டால் முதல் பேஸுக்குச் சும்மாவே நடந்து போகலாம். மூன்று தடவை வீசித் தவறினால் வெளியே. நல்ல பந்தை விட்டுவிட்டு மரம் மாதிரி நின்றாலும் அது ஒரு தவறுதான். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கோடை லீகில் இவர்களுடைய எதிரணிக்காரர்கள் நல்ல பந்து போடுகிற வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். எதற்காகப் போட வேண்டும்? பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் கரும்புக்காட்டில் எறிந்தாலும் இவர்கள் ஓடிப்போய் வீசிவிட்டு வருவார்களே. லீகில் அணி கடைசி இடத்தில் கிடந்தது.

பையன்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. சொந்த ஊரான சான் பெத்ரோவின் சந்துகளில் எல்லாரும் ஆடி வளர்ந்தது தண்ணீர்க் கேன் மூடியையும் துடைப்பக் கட்டையையும் வைத்துத்தான். அந்த மூடி காற்றில் பாம்பு போல நெளிந்து வரும். அந்த ஆட்டத்தில் நடப்பது என்ற பேச்சே கிடையாது. மூடி வந்தால் வீச வேண்டும். வீசாமல் நிற்பவனைக் "கையில என்ன, கூட்டிப் பெருக்கவா வெச்சிருக்கே?" என்று கேட்பார்கள். பிறகு தங்கள் பேஸ்பால் அணிக்கு ஆள் பிடிக்க வந்த அமெரிக்கர்களும் தூக்கி அடித்தவனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். பொறுமையாக நடந்துபோனவனின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அப்படிப் பிடித்து வந்து இந்தப் பயிற்சி அகாடமியில் சோறு போட்டு வைத்துக்கொண்டு, இப்போது அதே ஆட்கள் அடிக்காதே என்கிறார்கள்.

அதைச் சொல்வதற்கென்றே அமெரிக்காவிலிருந்து தலைமை ஆபீஸ் அனுப்பியிருந்த ஆள் கெஸ்லர். நெட்டையான, வெயிலில் சிவந்த, நல்ல மனுஷர்தான். ஊர் மொழியில் அவருக்குச் சுத்தமாக வந்த வார்த்தை ஒன்றே ஒன்று, 'பொறுமை'. காலை வணக்கத்துக்குப் பதிலாகவும் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்று அவர் பேச, ரதமேஸ் மொழிபெயர்த்தார். நாளை ஆட்டம் முடிந்ததும் சிலர் அமெரிக்கா போவார்கள். சிலர் வீட்டுக்குப் போவார்கள். வந்ததையெல்லாம் வீசுகிறவனுக்கு இனி இங்கே இடமில்லை.

"நடக்கத் தெரிஞ்சவன்தான் வேணும்னா தபால்காரரைப் புடிச்சிட்டு வந்திருக்கலாமே," என்றான் கேட்சர் குவாரி, வாயில் பீன்ஸும் சோறுமாக. எல்லாரும் சிரித்தார்கள். நெல்ஃப்ரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இது மூன்றாவது கோடை. அவனை எடுத்துக்கொண்ட அன்று சந்தே மேளம் கொட்டி ஆடியது. அவன் அம்மா அவன் படத்தைப் பெரிதாக்கி வாசல் கதவிலேயே மாட்டிவிட்டாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் படத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

சாயங்காலம் அம்மா போனில் வழக்கம்போல ஒன்றைத்தான் கேட்டாள்.

"இன்னிக்கு அடிச்சியா?"

"இல்லம்மா. நடக்கப் பழகறேன்."

"நடக்கவா? ஒம்பது மாசத்துல நடந்தவன்டா நீ!"

"இது வேறம்மா. பந்தை அடிக்காம விடணும்."

"அடிக்காம விடுறதுக்கா உன்னை அங்க வெச்சிருக்காங்க? யாரு சொன்னது, அந்தச் செவத்த ஆளா? வெயில் தலைக்கேறியிருக்கும். நீ அடி."

கெஸ்லர் விடு என்கிறார். அம்மா அடி என்கிறாள். கண் ஒன்று சொல்கிறது, கை ஒன்று செய்கிறது. நெல்ஃப்ரிக்குத் தலை சுற்றியது. மறுநாள் ஆட்டத்துக்கு முன் ரதமேஸைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"கோச், நீங்க ஆடுற காலத்துல என்ன செஞ்சீங்க?"

"வந்ததையெல்லாம் வீசினேன். அதனாலதான் இங்க நின்னு உனக்குப் பந்து போட்டுட்டிருக்கேன்." கொஞ்சம் யோசித்தார். "உன் கண்ணுல ஒரு குறையும் இல்லடா. பேட்டைப் புடிச்சதும் கண்ணும் கையும் கூட்டுச் சேந்துக்குது. ரெண்டையும் எப்படியாவது பிரிச்சு வை."

எப்படிப் பிரிப்பது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் தோன்றியது.

ஆட்டம் சமமாகவே போய்க் கடைசி இன்னிங்ஸுக்கு வந்தது. மூன்று பேஸிலும் இவர்களுடைய ஆட்கள் நின்றார்கள். இன்னும் ஒருவன் வெளியேறினால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஆட வந்தவன் நெல்ஃப்ரி. ஒரு அடி அடித்தால் ஜெயம். ஒன்றும் செய்யாமல் நடந்தாலும் எல்லாரும் ஒரு பேஸ் முன்னால் நகர, மூன்றாவது பேஸில் நிற்கிறவன் சுற்றை முடித்து ஓட்டம் எடுத்துவிடுவான், அதுவும் ஜெயம். வலைக்குப் பின்னால் கெஸ்லர் நின்றார்.

முதல் பந்து தலைக்கு மேலே வந்தது. வீசினான். இரண்டாவது மண்ணில் வந்தது. அதையும் வீசினான்.

"நெல்ஃப்ரி, அது மண்ணுடா! கிழங்கு தோண்டவா வந்தே?" என்று கத்தினான் குவாரி.

பந்து எறிந்த எதிரணிப் பையனுக்கும் பாவம், நடுக்கம். அடுத்தது நெல்ஃப்ரியின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அடுத்தது அவன் முழங்காலைக் குறிபார்த்து வந்தது, துள்ளிக் குதித்துத் தப்பினான். அதற்கடுத்தது வீச நினைப்பதற்குள் பேட் எட்டாத தூரத்தில் போயிற்று. மூன்று தப்புப் பந்துகள், இரண்டு தவறுகள். இன்னொரு தப்புப் பந்தை விட்டால் நடக்கலாம், இன்னொரு தடவை வீசித் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நெல்ஃப்ரி பேட்டை இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பந்து வரும், கண் பார்க்கும், கை போய்விடும். கண் பார்ப்பதால்தானே கை போகிறது? அவனுக்கு வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை. எதிரணிப் பையன் காலைத் தூக்கினான். நெல்ஃப்ரி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கை போகவில்லை. போக இடம் தெரியாமல் அப்படியே நின்றது. காதோரம் விர்ரென்று ஒரு சத்தம், பின்னால் கையுறையில் பந்து அடங்கிய சத்தம். அம்பயர் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்தால் தெரிந்துவிடும். அதனாலேயே அவன் திறக்கவில்லை.

"தப்புப் பந்து!" என்றார் அம்பயர். "நட!"

அதற்குள் அவன் மேல் முழு அணியும் விழுந்துவிட்டது. யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கெஸ்லர் வேலி வாசலைத் திறந்துகொண்டு ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்தார். இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினார், பிறகு அவன் கண்ணைக் காட்டினார். மளமளவென்று என்னவோ பேசினார், அவர் குரல் தழுதழுத்தது.

ரதமேஸ் மொழிபெயர்த்தார். "கடைசிப் பந்து ஒரு நூல் வெளியே போச்சாம். இத்தனை வருஷத்துல அப்படி ஒண்ணை அசையாம விட்டவனை அவர் பாத்ததில்லையாம். நீ அமெரிக்கா போறே."

கூட்டம் கலைந்த பிறகு ரதமேஸ் அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "எனக்கே நல்ல பந்து மாதிரிதான்டா தெரிஞ்சுது. நீ எப்படிக் கண்டுபுடிச்சே?"

"நீங்கதானே பிரிச்சு வைக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்கு?"

"கண்ணை மூடிக்கிட்டேன் கோச்."

ரதமேஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கப் போகிறாரா, அறையப் போகிறாரா என்று நெல்ஃப்ரிக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கடைசியில் தொட்டிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "குவாரிகிட்ட மட்டும் சொல்லிடாதே," என்று நடந்துவிட்டார்.

அன்றைக்கு அம்மா கூப்பிடும்வரை நெல்ஃப்ரி காத்திருக்கவில்லை.

"அடிச்சியா?" என்றாள்.

"இல்லம்மா. நடந்தேன்."

"அப்ப வீட்டுக்கு அனுப்புறாங்களா?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "வாப்பா. பரவாயில்ல, வா. படத்தை வேணா உள்ள மாட்டிக்கலாம்."

"அமெரிக்காவுக்கு அனுப்புறாங்கம்மா."

"அடிக்காததுக்கா?"

"என் கண்ணு ரொம்ப நல்லா இருக்காம்."

போனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் வாசலுக்கு ஓடிச் சந்து முழுக்கக் கேட்கக் கத்தினாள். யாரோ மேளத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இரைச்சலில் அவள் மறுபடி போனைக் காதில் வைத்து, "இன்னும் என்னடா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலைல நான் மத்தவங்களுக்குச் சொல்லித் தரணுமாம், அம்மா."

"என்னத்தை?"

"பந்தை எப்படிப் பாக்கணும்னு."